"இனந்தெரியாத காரணம்" வேண்டாம்: இடியோபதிக் என்பதற்கு ஒரு சொல்

(கல்லடியிலிருந்து)

எல்லோருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிளினிக்குகளில் கொடுக்கப் பெற்றோர் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளின் விருத்திக் குறைபாடு, கற்றல் இடர்பாடு ஆகியவை ஏன் வருகின்றன என்பது பற்றியது. முதல் ஐந்து பக்கமும் ஓடிவிட்டது. நிறமூர்த்தக் (குரோமோசோம்) கோளாறு, தைரொயிட் சுரப்புக் குறைவு, குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத்திணறல், மூளைக்காய்ச்சல் என்று எல்லாவற்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. ஆறாம் பக்கத்தில் "இடியோபதிக்" வந்து குறுக்கே நிற்கிறது. அதாவது, செய்யக்கூடிய சோதனைகள் எல்லாம் செய்தும் காரணம் அகப்படாத பிள்ளைகள். அப்படியான பிள்ளைகள் கொஞ்சப்பேர் இல்லை.

பழைய மொழிபெயர்ப்பில் "இனந்தெரியாத காரணம்" என்று போட்டிருக்கிறார்கள். ஒரு தாய்க்கு வாசித்துக் காட்டினேன். "இனந்தெரியாத ஆக்களோ மிஸ்?" என்று திடுக்கிட்டுப்போனார். போர்க்காலத்துப் பத்திரிகைகளில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் சுட்டார்கள், கடத்தினார்கள் என்றுதான் வந்தது, மட்டக்களப்பில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வேறு சொல் தாருங்கள்.

(காரைதீவிலிருந்து)

மகள், உங்கள் கேள்வி நல்ல கேள்வி. 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்த ஊரில் இருந்துகொண்டு நான் வாய்மூடி இருக்கலாமா?

கிரேக்கத்தில் "இடியோஸ்" என்றால் தனக்கே உரியது, "பாதொஸ்" என்றால் துன்பம். வெளியே இருந்து வராமல் தன்னிலேயே எழுந்த நோய் என்பது பழைய கருத்து. ஆகவே "தான்தோன்றி" என்று வைக்கலாம். சுருக்கம், பழந்தமிழ், பெயரடையாகவும் நிற்கும். "தான்தோன்றி வலிப்பு" என்று சொல்லிப்பாருங்கள்.

(கல்லடியிலிருந்து)

சேர், கோபிக்க வேண்டாம். கையேடு போகப்போவது கொக்கட்டிச்சோலைப் பக்கம். அங்கே தான்தோன்றி என்றால் கோயிலில் நாம் தேர் இழுக்கும் தான்தோன்றீஸ்வரர். பிள்ளையின் அட்டையில் அதை எழுதினால் நேர்த்தி வைத்துவிட்டுக் கிளினிக்குக்கு வராமலே இருந்துவிடுவார்கள். ஈஸ்வரரை விட்டாலும், "தான்தோன்றித்தனம்" என்று நாம் பிள்ளைகளை ஏசுகிறோமே, அது வேறு.

(கல்முனையிலிருந்து)

தான்தோன்றிக்கு நானும் எதிர்ப்பு, ஆனால் என் காரணம் வேறு. அது மருத்துவத்தில் பிழை. எந்த நோயும் தானாகத் தோன்றுவதில்லை, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். "காரணமற்ற" என்பதும் இதே பிழை.

டவுண் என்ற ஆங்கிலேய வைத்தியர் தன் பெயரால் இன்று அறியப்படும் நிலையை 1866இல் விவரித்தார். 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதுதான் காரணம் என்று 1959இல்தான் தெரியவந்தது. தொண்ணூற்று மூன்று வருடம் அந்தப் பிள்ளைகள் எல்லோரும் காரணம் தெரியாத பட்டியலில்தான் இருந்தார்கள். ரெட் என்பவர் 1966இல் விவரித்த நோய்க்குரிய மரபணு 1999இல் அகப்பட்டது. கர்ப்பிணிக்கு வரும் ருபெல்லா வயிற்றுப் பிள்ளையின் கண்ணைப் பாதிக்கும் என்று அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் கிரெக் 1941இல் எழுதும்வரை அதுவும் அப்படித்தான். காரணம் தெரிந்தபிறகுதான் தடுப்பூசி பற்றி நினைக்கவே முடிந்தது. நம் நாட்டில் அது 1996இல் வந்தது. ஆகவே நாம் ஆக்கும் சொல்லுக்குள் "இன்னும்" என்ற கருத்து இருக்க வேண்டும். இன்றைய தெரியாமை நாளைக்கு மாறும்.

இன்னொன்று. அந்த இடத்தை வெறுமையாக விட்டால் யாராவது நிரப்பிவிடுவார்கள். வைத்தியர்களே நிரப்பியிருக்கிறார்கள். ஓட்டிசம் வருவது தாயின் பாசக்குறைவால் என்று பல வருடம் எழுதித்தள்ளினார்கள். 1998இல் ஒருவர் பழியைத் தடுப்பூசிமேல் போட்டார், அந்தக் கட்டுரையை இதழ் 2010இல் மீளப்பெற்றுக்கொண்டது. நமது பக்கம் கிரகணம், நாவூறு, "மச்சானைக் கட்டினதால வந்தது". கடைசியில் சொன்னதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. தாய் தகப்பன் இருவரும் ஒரே பழுதான மரபணுவைச் சுமந்தால் சில நோய்கள் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்போடு வரலாம், உறவுக்குள் கட்டும்போது அப்படிச் சுமப்பதற்கான சாத்தியம் கூட. ஆனால் டவுண் பிள்ளையைக் கொண்டுவரும் மாமியார் மருமகளின் கல்யாணத்தைக் குற்றம் சொல்வார், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"மூலம் அறியா" என்று யாரும் எழுதமுன் சொல்லிவிடுகிறேன். என் கிளினிக்கில் மூலம் என்றால் பிள்ளைக்கு மூலவியாதியோ என்றுதான் கேட்பார்கள்.

(வாழைச்சேனையிலிருந்து)

நான் விசேட கல்வி அலகில் படிப்பிக்கிறேன். டொக்டர் சொன்ன வெறுமை எனக்கு நல்லாத் தெரியும். கதைத்தால் கெட்டிக்காரன், வாசிக்கச் சொன்னால் எழுத்துகள் கூடிவராத ஒரு பொடியன். அறிக்கையில் "காரணம் தெரியாது" என்று எழுதினேன். தகப்பன் வந்து, "தெரியாட்டி நீங்க என்னத்துக்கு டீச்சர்?" என்று கேட்டார். அவரில் பிழையில்லை. "தெரியாது" என்பது கதவை அடிச்சுச் சாத்துகிற மாதிரித்தானே.

நாங்கள் வாயால் சொல்வதையே எழுதினால் என்ன? காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று விளங்காவிட்டால் "இன்னும் பிடிபடல்ல" என்கிறோம். "பிடிபடாக் காரணம்".

(காரைதீவிலிருந்து)

தான்தோன்றியைத் திரும்பப் பெறுகிறேன், ஈஸ்வரர் மன்னிக்க.

பிடிபடா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லெழுத்து மிகும், இலக்கணத்தில் குற்றமில்லை. ஒரு சந்தேகம்: "இனந்தெரியாத" ஆகாதென்றால் "பிடிபட்டவர், பிடிபடாதவர்" மட்டும் எப்படி ஆகும்? அதுவும் அதே பத்திரிகைச் சொல்தானே. "துலங்காக் காரணம்" என்று ஒரு மாற்று வைக்கிறேன்.

(வாழைச்சேனையிலிருந்து)

சேர், உயிரியல் புத்தகத்தில் தூண்டல், துலங்கல் என்று ஏற்கனவே இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை குழம்பும். பிடிபடுவது ஆள் என்றால் பயம் வரும், காரணம் என்றால் வராது என்று நினைக்கிறேன். வாசித்துக்காட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

(கல்லடியிலிருந்து)

நேற்று அதே தாய்க்கு வாசித்தேன். "உங்கள் பிள்ளையின் நிலைக்குக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. நீங்கள் செய்த எதனாலும் இது வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை." கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப இன்னும் தேடுறாங்களா மிஸ்?" என்றார். ஆக்களைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆகவே கையேட்டின் உடலில் முழு வசனமாக "காரணம் இன்னும் பிடிபடாத" என்றும், பின்னிணைப்புச் சொற்பட்டியலில் "பிடிபடாக்காரண" என்றும் போடுகிறேன். "பிடிபடாக்காரண வலிப்பு" நீளம்தான், டொக்டர், ஆனால் வைத்தியர்களுக்குத்தானே, வாய் வலித்தால் பரவாயில்லை. அந்தத் தாயின் கேள்விக்குப் பதிலாக ஒரு வரியும் சேர்க்க வேண்டும்: மரபணுச் சோதனைகள் வளர்ந்துகொண்டு வருவதால், சில வருடங்களுக்குப் பிறகு திரும்பவும் விசாரித்துப் பார்க்கலாம் என்று. அந்த வரியை நீங்களே எழுதித் தருவீர்களா? கிளினிக் அட்டைகளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். பரிந்துரைக் கடிதத்தைத் தொலைத்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்கிய இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ஏழாம் பக்கத்தில் ஓட்டிசத்தோடு வரும் "ஸ்பெக்ட்ரம்" நிற்கிறது. "நிறமாலை" என்று எழுதி அனுப்பாதீர்கள், சேர்.