வேவ்கைடுல அலைநீளம் நீளுதே, ஏன்?

கேள்வி (புளியரைக்காரன்):
லேப்ல கன் ஆசிலேட்டர் (மைக்ரோவேவ் அலை உண்டாக்குற கருவி) பெஞ்ச், 10 கிகாஹெர்ட்ஸ். அலை வேவ்கைடுங்கற செவ்வக உலோகக் குழாய்க்குள்ள போவுது. மினிமம்ல (சிக்னல் ரொம்பக் குறையுற இடம்) இருந்து அடுத்த மினிமம், அதாவது அரை அலைநீளம், 15 மி.மீ. வரணும்னு கணக்கு. எனக்கு 19.8 வருது. மூணு தடவை புரோபை (சிக்னலை அளக்குற ஊசி) நகத்திப் பாத்தாச்சு. சார் "ரீடிங் தப்பு"ன்னு நோட்டைத் தூக்கிப் போட்டுட்டாரு.

பதில் 1:
ரீடிங் சரிதான் தம்பி. கைடு அகலம் 22.86 மி.மீ. தானே? அலை நேரா ஓடாது. ரெண்டு பக்கச் சுவர்லயும் மோதி மோதிக் குறுக்கா போவுது. அதனால நீளவாக்குல அளந்தா முகடுகள் தள்ளித் தெரியும்: அலைநீளம் 30 மி.மீ.க்குப் பதிலா 39.7. பாதி 19.85. அகலத்துல அரை அலை அடங்கணும், அதனால 6.56 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் போகாது, உள்ளேயே செத்துரும்.

பதில் 2:
ஆரியங்காவு குகைக்குள்ள ரயில் நுழைஞ்சதும் என் பாக்கெட் ரேடியோ மீடியம் வேவ் பொசுக்குனு நின்னுரும். 300 மீட்டர் அலை அந்தப் பொந்துல எங்க அடங்க? பாறை உலோகமில்லதான், ஆனா சங்கதி கிட்டத்தட்ட இதே.

புளியரைக்காரன்:
அண்ணாச்சி, நோட்டைத் திரும்ப எடுத்துட்டுப் போறேன்.