பினாங்கு பயனியர் ரிசீவர்: இடது பக்கம் பாடவில்லை, கூடவே உறுமல். உதவி தேவை

கானாடுகாத்தான் பேரன் (செவ்வாய், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஐயா 1976இல் எம்.வி. சிதம்பரம் கப்பலில் பினாங்கிலிருந்து வந்தபோது கொண்டுவந்த ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டி) ஒன்று வீட்டில் இருக்கிறது. பயனியர் எஸ்எக்ஸ் 737, ஒரு பக்கத்துக்கு 35 வாட். ஐயா போன பிறகு சாமான் அறையில் பித்தளைப் பானைகளுக்குப் பின்னால் இருபது வருடம் கிடந்தது. முன்னோருக்குச் செய்கிற படைப்புக்காக மூன்று வாரம் ஊருக்கு வந்திருக்கிறேன். அதற்குள் பாட வைத்துவிட வேண்டும் என்று ஆசை.

நிலைமை இதுதான். ஸ்விட்சைப் போட்டால் டயல் விளக்கு எரிகிறது. நாலைந்து விநாடியில் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். வலது பக்கம் நன்றாகப் பாடுகிறது. இடது பக்கம் ஊமை. ஆனால் வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பினால் 'படக்' என்று இடதும் வந்துவிடுகிறது. குறைத்தால் கொஞ்ச நேரத்தில் கரகரத்துப் போய்விடுகிறது. இது போதாதென்று பின்னால் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல்.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஐசி போயிருச்சு. உள்ளே இருக்கிறதைத் தூக்கிப் போட்டுட்டு ப்ளூடூத் கிட் வச்சுத் தர்றேன், 3,000 ரூபாய்" என்றார்கள். அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதினைந்து கிலோவாவது இருக்கும், கை இன்னும் வலிக்கிறது. எனக்கு சால்டரிங் சுமாராக வரும், மல்டிமீட்டர் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

கண்டன்சர் பைத்தியம் (செவ்வாய், இரவு 10.05)

அண்ணே, யோசிக்கவே வேண்டாம். ஐம்பது வருடக் கண்டன்சர். எல்லாம் காய்ந்து போயிருக்கும். சின்னது பெரியது என்று பார்க்காமல் மொத்தத்தையும் மாற்றுங்கள். உறுமல் என்றாலே மெயின் ஃபில்டர் கண்டன்சர்தான். சென்னையில் யாராவது இருந்தால் ரிச்சி தெருவில் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

பர்மா தேக்கு (செவ்வாய், இரவு 10.20)

சரிசெய்ய முடியாவிட்டால் சொல்லுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இதற்கு ஆள் இருக்கிறது. பாடாவிட்டாலும் மர உறைக்காகவே எடுத்துக்கொள்வார்கள்.

கானாடுகாத்தான் பேரன் (செவ்வாய், இரவு 10.31)

விற்பதாக இல்லை அண்ணே. வீட்டில் தூணையும் கதவையும் விற்றவர்கள் கதையை நிறையக் கேட்டாயிற்று.

சிக்ரியில் இருந்தவன் (புதன், காலை 6.15)

தம்பி, காரைக்குடி மின்வேதியியல் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கண்டன்சர் என் பிழைப்புக்குப் பக்கத்து வீடு. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. இருபது வருடம் கிடந்த பெட்டியை நேராகச் சுவர் பிளக்கில் செருகினீர்களா? எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள் இருப்பது அலுமினியத் தகடு. அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம். மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது அந்தப் படலம்தான். வருடக்கணக்காக மின்னழுத்தம் இல்லாமல் கிடந்தால் படலம் நலிந்துவிடும். திடீரென்று முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் கூடி, சூடாகி, வெடிக்கவும் செய்யும். மெதுவாகக் கொடுத்தால் படலம் தானே திரும்ப வளரும். உங்கள் பெட்டி தப்பியது உங்கள் ஐயா செய்த புண்ணியம்.

இனிமேலாவது சீரீஸ் லாம்ப் போடுங்கள். ஃபேஸ் வயரில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகக் கோத்து, அதன் வழியே ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். எல்இடி பல்பு உதவாது. பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள்.

அடுத்து, பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். வெளிநாட்டுக்குச் செய்த ரிசீவர்களில் வோல்ட்டேஜ் மாற்றும் கட்டை ஒன்று இருக்கும். எந்த எண்ணில் நிற்கிறது? எஃப்எம் டயல் 88 முதல் 108 வரையா, 76 முதல் 90 வரையா என்பதையும் சொல்லுங்கள். 76 என்றால் ஜப்பான் உள்நாட்டுப் பெட்டி, 100 வோல்ட்டில் ஓடுவது.

எல்லாக் கண்டன்சரையும் மாற்றுவது பற்றி: நோய் என்னவென்று தெரியாமல் மருந்துக்கடையையே விழுங்குவது போல அது. நாற்பது கண்டன்சர் மாற்றினால் எண்பது சால்டர் முனை. அதில் ஒன்றைத் தலைகீழாக வைத்தாலும் போச்சு. அப்புறம் பழைய பழுது எது, நீங்கள் புதிதாகச் செய்தது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

தேவகோட்டை சர்வீஸ் (புதன், காலை 9.50)

சார் சொன்னதோடு என் பங்குக்கு. டிரான்சிஸ்டரோ ஐசியோ போயிருந்தால் வால்யூமைக் கூட்டினதும் உயிர் வராது. சத்தம் கூடும்போது வருகிறது, குறைந்தால் போகிறது என்றால் எங்கோ ஒரு காண்டாக்ட் கறுத்துப்போயிருக்கிறது. சின்ன சிக்னல் அந்தக் கறுப்பைத் தாண்ட முடியவில்லை, பெரிய சிக்னல் உடைத்துக்கொண்டு போகிறது. நீங்கள் சொன்ன 'டிக்', ஸ்பீக்கர் ரிலே, அதாவது ஸ்பீக்கரைத் தானாக இணைத்துவிடுகிற ஸ்விட்ச். என் சந்தேகம் அதன்மேல்தான்.

பணம் செலவில்லாத சோதனைகள் மூன்று. ஸ்பீக்கர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், ஸ்பீக்கர் நல்லதா என்று தெரியும். அப்புறம் ஏ டெர்மினலில் இருந்து பி-க்கு மாற்றுங்கள். அங்கேயும் அதே கதை என்றால் ஏ, பி ஸ்விட்ச்மேல் சந்தேகம் குறையும். கடைசியாக டேப் ரெக்கார்ட் அவுட்டில் இருந்து ஒரு வயர் எடுத்து வேறு ஆம்ப்ளிஃபயரில் கொடுத்துக் கேளுங்கள். அங்கே இரண்டு பக்கமும் வந்தால் அதுவரை பழுதில்லை, தொல்லை அதற்கு அப்புறம்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு டெர்மினலில் டிசி எவ்வளவு என்றும் அளந்து போடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை.

கானாடுகாத்தான் பேரன் (புதன், இரவு 8.20)

டயல் 88 முதல் 108 வரைதான். பின்னால் கட்டை 220இல் நின்றது. இங்கே இராத்திரி பத்து மணிக்கு மேல் பிளக்கில் அளந்தால் 248 வோல்ட் காட்டுகிறது! 240க்கு மாற்றிவிட்டேன்.

ஸ்பீக்கர் இரண்டும் நல்லவை. பி-யிலும் இடது ஊமைதான். டேப் அவுட்டில் இரண்டு பக்கமும் அருமையாக வருகிறது. டிசி இடது 18, வலது 31 மில்லிவோல்ட். அப்படியானால் ரிலேதானா?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்டன்சர் பைத்தியம் அண்ணன் பேச்சைக் கேட்டு, செவ்வாய் இரவே சென்னை நண்பனிடம் 1,800 ரூபாய்க்குக் கண்டன்சர் சொல்லிவிட்டேன். கிளம்பிவிட்டதாம்.

தேவகோட்டை சர்வீஸ் (புதன், இரவு 8.45)

ரிலேதான். மேல் மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். பெரிய கண்டன்சர்களில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து 'பட்' என்று வெடிக்க வைக்கிற வேலை வேண்டாம். ஒரு கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை முனைகளுக்குக் குறுக்கே கொஞ்ச நேரம் பிடித்து, மீட்டரில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே போனதா என்று பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

ரிலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கும். மூடியை மெதுவாக நெம்பி எடுங்கள். செல்போன் ரிப்பேர் கடையில் ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) கேட்டால் கொடுப்பார்கள். விசிட்டிங் கார்டை மெல்லிய பட்டையாக வெட்டி அதில் நனைத்து, காண்டாக்ட் இரண்டுக்கும் நடுவே விட்டு, விரலால் லேசாக அழுத்திக்கொண்டு இழுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், மேலே உள்ள வெள்ளிப் பூச்சு போய்விடும்.

வால்யூம் கரகரப்புக்குக் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே. சைக்கிள் செயினுக்கு அடிக்கிற துரு நீக்கி ஸ்ப்ரேயைக் கொண்டுபோய் வால்யூமில் அடித்து, குமிழ் கொழகொழவென்று ஆனதோடு என்னிடம் வந்தவர்கள் நிறைய.

கானாடுகாத்தான் பேரன் (வெள்ளி, மாலை 5.30)

வந்துவிட்டது! இடது பக்கம் வந்துவிட்டது!

பட்டாலைக் கூடத்தில் பாய் விரித்து வைத்துத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது குளவிக்கூடு. டியூனிங் கண்டன்சர் தகடுகளை ஒட்டி, கட்டைவிரல் அளவுக்குச் செம்மண் கட்டி. தகட்டை வளைத்துவிடக் கூடாதே என்று பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுக்கவே ஒரு மணி நேரம். டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் ஒரு பல்லி, வெறும் எலும்பாக, வால் முதல் விரல் நகம் வரை அப்படியே. அப்பத்தா பார்த்துவிட்டு "பல்லியைத் தூரப் போட்டுட்டுக் குளிச்சுட்டு வா" என்று துரத்தியதில் அரை மணி நேரம் போயிற்று.

ரிலே மூடி டீ கறை போல மஞ்சளாகியிருந்தது. வலப்பக்கக் காண்டாக்டில் அட்டை சாம்பல் நிறமாக வந்தது. இடப்பக்கத்தில் இழுத்தால் கண் மை தீற்றியது போல ஒரு கோடு. ஆறு பட்டை மாற்றினேன், ஏழாவது சுத்தமாக வந்தது. சீரீஸ் லாம்ப் வழியாகப் போட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. பிறகு நேராகக் கொடுத்தேன். வால்யூம் ஒன்றிலேயே இரண்டு பக்கமும் பாடுகிறது.

ஆனால் உறுமல் அப்படியேதான் இருக்கிறது.

கண்டன்சர் பைத்தியம் (வெள்ளி, மாலை 5.42)

நான்தான் சொன்னேனே. ஃபில்டர் கண்டன்சர்!

சிக்ரியில் இருந்தவன் (வெள்ளி, மாலை 6.30)

பொறுங்கள். வால்யூமை முழுக்கக் குறைத்தால் உறுமல் இருக்கிறதா, போகிறதா? ஃபில்டர் கண்டன்சர் காய்ந்திருந்தால் பெரும்பாலும் வால்யூம் பூஜ்யத்திலும் கேட்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், முழு அலையாகத் திருத்தியபின் 100 ஹெர்ட்ஸ். அந்த உறுமல் வால்யூமுக்கு அடங்காது. வால்யூமோடு ஏறி இறங்குகிறது என்றால் கோளாறு அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. எதில் கேட்கிறீர்கள்? எஃப்எம்மா, ஆக்ஸா, இசைத்தட்டா?

கானாடுகாத்தான் பேரன் (வெள்ளி, மாலை 6.50)

அட. வால்யூமைக் குறைத்தால் போய்விடுகிறது. இதுவரை இசைத்தட்டில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஆக்ஸில் போனை மாட்டினால் உறுமலே இல்லை. இசைத்தட்டு மாட்டுகிற போனோவில் மட்டும்தான்.

கோட்டையூர் ஆச்சி (வெள்ளி, இரவு 7.15)

தம்பி, எனக்கு உங்கள் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் தெரியாது. எங்கள் வீட்டிலும் சிங்கப்பூரிலிருந்து வந்த பெட்டி ஒன்று இருந்தது, வேறு கம்பெனி. தட்டு சுழலும் பெட்டியிலிருந்து சிவப்பு, வெள்ளை வயரோடு ஒல்லியாக மூன்றாவது கம்பி ஒன்று வரும். முனையில் இரட்டை நாக்கு மாதிரி ஒரு கவ்வி. பெரிய பெட்டிக்குப் பின்னால் ஒரு குட்டித் திருகு இருக்கும், அதில் மாட்ட வேண்டும். வெள்ளையடிக்கும்போது கழன்றுவிட்டால் எங்கள் வீட்டிலும் இதே 'ம்ம்ம்'தான். எங்கள் வீட்டுக்காரர் யார் கழற்றியது என்று வளவு முழுக்கக் கேட்டுக்கொண்டு வருவார். உங்கள் வீட்டில் அந்தக் கம்பி எங்கே இருக்கிறது?

கானாடுகாத்தான் பேரன் (வெள்ளி, இரவு 7.40)

ஆச்சி! அந்தக் கம்பி சுருட்டி நூலால் கட்டித் தட்டுப்பெட்டிக்கு அடியில் செருகியிருந்தது. ரிசீவருக்குப் பின்னால் ஜிஎன்டி (எர்த்) என்று எழுதிய திருகும் இருக்கிறது. மாட்டினேன். உறுமல் போய்விட்டது. ஊசி தட்டில் இறங்குகிற சத்தம்கூடக் கேட்கிறது.

தேவகோட்டை சர்வீஸ் (வெள்ளி, இரவு 7.52)

இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். போனோ சிக்னல் சில மில்லிவோல்ட்தான். எர்த் இல்லாவிட்டால் ஊசியைத் தாங்குகிற டோன் ஆர்ம் ஏரியல் மாதிரி உறுமலை இழுக்கும். ஆச்சிக்குக் கும்பிடு.

கண்டன்சர் பைத்தியம் (வெள்ளி, இரவு 8.10)

ஒப்புக்கொள்கிறேன். அந்த 1,800 ரூபாயில் பாதி நான் தருகிறேன் அண்ணே.

கானாடுகாத்தான் பேரன் (வெள்ளி, இரவு 8.25)

வேண்டாம் அண்ணே, அடுத்த முறை ஊர்ப்பக்கம் வந்தால் கந்தரப்பமும் காரச் சட்னியும் சாப்பிட வாருங்கள். கண்டன்சரைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

சிக்ரியில் இருந்தவன் (வெள்ளி, இரவு 8.40)

எடுத்து வைத்தால் அதுவும் கிடந்து நலியும். என்றைக்காவது வால்யூம் பூஜ்யத்தில் உறுமல் கேட்டாலோ, கண்டன்சர் தலை உப்பினாலோ, அன்றைக்குப் புதிதாக வாங்குங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்டேஜ் அல்லது கொஞ்சம் கூட, 105 டிகிரி ரகம். பெட்டி மேலே துணியோ சாமி படமோ வைக்காதீர்கள், சூடு வெளியே போகட்டும். பத்து டிகிரி சூடு கூடினால் கண்டன்சர் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நம் ஊர் சித்திரையில் கேட்கவே வேண்டாம்.

கானாடுகாத்தான் பேரன் (வெள்ளி, இரவு 9.05)

கடைசியாக ஒன்று. எஃப்எம்மில் கொடைக்கானல் 100.5 வருகிறது, ஆனால் இரைச்சலோடு. ஏரியல் எதுவும் மாட்டவில்லை.

தேவகோட்டை சர்வீஸ் (வெள்ளி, இரவு 9.20)

பழைய டிவி ஆன்டெனாவின் தட்டை வயர் பரணில் கிடக்கும், பாருங்கள். ஒன்றரை மீட்டர் வெட்டி, இரண்டு முனையிலும் உள்ளே உள்ள இரு கம்பிகளையும் முறுக்கிச் சேருங்கள். நட்டநடுவில் ஒரு பக்கக் கம்பியை மட்டும் வெட்டி, அந்த இரண்டு முனைகளிலும் இன்னொரு தட்டை வயரைச் சால்டர் செய்து, ரிசீவரில் 300 ஓம் என்று எழுதிய திருகுகளில் மாட்டுங்கள். ஆங்கில டி (T) எழுத்து மாதிரி இருக்கும். உங்கள் வீட்டுச் சுவர் கனம், உத்தரம் இரும்பாகவும் இருக்கலாம். அதனால் உள்ளே கட்டாமல் வளவு முற்றத்துப் பக்கம், கொடைக்கானல் திசைக்கு அகலம் காட்டித் தொங்கவிடுங்கள்.

கோட்டையூர் ஆச்சி (வெள்ளி, இரவு 9.31)

அப்பத்தாவை மேலே காயப்போட்ட வற்றலை எடுத்துவிடச் சொல், தம்பி. கம்பி கட்டுகிறேன் என்று எங்கள் வீட்டில் ஒரு மூங்கில் தட்டு மோர் மிளகாய் முற்றத்தில் கொட்டியிருக்கிறது.