டாஸ்பாக்ஸில் டூம் ஒலி மட்டும் துண்டு துண்டாக வருகிறது

திருச்சி செந்தில்:
வணக்கம். 2011இல் வாங்கிய லேப்டாப்பில், பழைய டாஸ் ஆட்டங்களை ஓட வைக்கும் டாஸ்பாக்ஸ் 0.74-3 போட்டிருக்கிறேன். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா குறையே இல்லாமல் ஓடுகிறது, வாள் மோதும் சத்தம்கூட பழையபடியே இருக்கிறது. டூம் என்ற சுடும் ஆட்டத்தைப் போட்டால்தான் சிக்கல். கதவு திறக்கும் சத்தம் 'க்ர்... க்ர்...' என்று விட்டு விட்டு வருகிறது. ஷாட்கன் சுட்டால், ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத ரேடியோ மாதிரி இருக்கிறது. வேகம் போதவில்லை என்று நினைத்து கன்ட்ரோலும் எஃப்12உம் சேர்த்து அழுத்திப் பார்த்தேன், இன்னும் மோசமானது. தீபாவளிக்கு அண்ணன் ஊருக்கு வருகிறான். நாங்கள் சேர்ந்து ஆடிய ஆட்டம், அதற்குள் சரி செய்ய வேண்டும்.

நிலா79:
செட்டிங்ஸ் ஃபைலில் மிக்ஸர் பகுதிக்குப் போய் பிளாக்சைஸை, அதாவது ஒரு தடவையில் தயாராகும் ஒலித் துண்டின் அளவை, 8192 ஆக்குங்கள். எனக்கு அதில்தான் சரியானது.

பழைய கீபோர்டு:
செந்தில், அவசரப்பட்டு 8192க்குப் போக வேண்டாம். ஒலி 44100 ஹெர்ட்ஸில் ஓடும்போது 8192 என்றால் கிட்டத்தட்ட 186 மில்லி செகண்ட் தாமதம். நீங்கள் சுட்டு, எதிரி விழுந்த பிறகுதான் சத்தம் காதுக்கு வரும். டூமில் அது ஆட்டத்தையே கெடுத்துவிடும்.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. சைக்கிள்ஸ் என்பது டாஸ்பாக்ஸ் ஆட்டத்துக்குக் கொடுக்கும் வேகம். அது 'ஆட்டோ'வில் இருந்தால், பிரின்ஸ் மாதிரி ரியல் மோடு என்ற பழைய, எளிய முறையில் ஓடும் ஆட்டத்துக்கு டாஸ்பாக்ஸ் 3000 சைக்கிள்தான் கொடுக்கும். உங்கள் லேப்டாப்புக்கு அது ஒரு சுமையே இல்லை. டூம், அதிக மெமரியைப் பயன்படுத்தும் ப்ரொடெக்டட் மோடில் ஓடுவது. அது தொடங்கியதும் 'ஆட்டோ' தானாக 'மேக்ஸ்' ஆகிவிடும், அதாவது பிராசஸரின் முழு பலத்தையும் ஆட்டத்துக்கே கொடுக்கப் பார்க்கும். ஒலியைக் கலந்து பஃபரை, அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் முன் ஒலி காத்திருக்கும் இடத்தை, நிரப்பும் வேலையும் அதே பிராசஸரைத்தான் நம்பி இருக்கிறது. நிரப்புவது கொஞ்சம் தாமதித்தாலும் பஃபர் காலி, அந்த இடைவெளிதான் உங்கள் 'க்ர்'. எஃப்12 அழுத்தியது எரிகிற அடுப்பில் இன்னும் விறகை வைத்த மாதிரி. குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது.

சைக்கிள்ஸ் வரியில் 'ஃபிக்ஸ்ட் 20000' என்று எழுதிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள். டூம் 1993இல் வந்தது, அந்தக் காலத்து 486 பிராசஸருக்கு எழுதியது. அதற்கு இதுவே ஓரளவு போதும். சத்தம் இன்னும் உடைந்தால் கன்ட்ரோலும் எஃப்11உம் அழுத்தி ஒவ்வொரு படியாக இறக்குங்கள். ஆட்டமே திக்கித் திணறினால் ரொம்ப இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், எஃப்12 பக்கம் வாருங்கள். சத்தம் தெளியும் இடத்தில் டாஸ்பாக்ஸ் ஜன்னலின் தலைப்பில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் லேசாக உடைந்தால் மட்டும் பிளாக்சைஸை 2048 ஆக்குங்கள், 46 மில்லி செகண்டுதான். அப்புறம் ஒன்று, படத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலர் வரியில் என்ன இருக்கிறது?

திருச்சி செந்தில்:
ஸ்கேலரில் 'எச்கியூ3எக்ஸ்' என்று இருக்கிறது அண்ணா. படம் வழவழப்பாகத் தெரியட்டும் என்று நான்தான் போட்டேன்.

பழைய கீபோர்டு:
அதுதான் தம்பி பாதி பலத்தைக் குடிக்கிறது. ஒவ்வொரு படத்தையும் மூன்று மடங்கு பெரிதாக்கி, ஓரங்களை வேறு கணக்குப் போட்டு வழவழப்பாக்குகிறது. 'நன்' (none) என்று மாற்றுங்கள். டூமின் படம் 320க்கு 200தான், அந்தக் கட்டம் கட்டமான சுவர்களைத்தானே நீங்களும் அண்ணனும் பார்த்து ஆடினீர்கள்.

டூமின் செட்டப்பையும் ஒரு முறை திறந்து பாருங்கள். ஒரே நேரத்தில் எத்தனை சத்தம் கலக்க வேண்டும் என்று கேட்கும். 8 இருந்தால் 3 ஆக்குங்கள்.

திருச்சி செந்தில்:
செய்துவிட்டேன் அண்ணா! ஸ்கேலரை எடுத்ததுமே பாதி சரியானது. 20000இல் கதவுச் சத்தம் முழுசாக வந்தது. நிறைய பேர் ஒரே நேரத்தில் சுடும்போது மட்டும் லேசாக உடைந்தது, எஃப்11ஐ ஒரு தடவை அழுத்தினேன், 16000. செட்டப்பில் 8 தான் இருந்தது, அதையும் 3 ஆக்கினேன். பிளாக்சைஸைத் தொடவே இல்லை. ஷாட்கன் சுட்ட பிறகு 'சக்-சக்' என்று தோட்டா ஏற்றும் சத்தம் இருக்கிறதே, அது தனியாக, தெளிவாகக் கேட்கிறது. ரெகார்டு செய்து அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன்.