விற்கவில்லை, ஆனாலும் பில் வந்தது: ஏஜென்ட் ஃபீஸ் அனுபவங்கள்

ஹாரோவிலிருந்து

லண்டனில் வீட்டை விற்பனைக்குப் போட்டுவிட்டுப் பாதியில் மனம் மாறியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எங்கள் கதையைச் சொல்கிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

போன வருடம் கணவருக்கு மில்டன் கீன்ஸில் வேலை கிடைத்தது. வீட்டை விற்றுவிட்டு அங்கேயே போய்விடலாம் என்று ஏஜென்டைக் கூப்பிட்டோம். வந்தவர் மாடிப்படிக்கு அடியில் துடைப்பம் வைக்கும் இடத்தைக்கூடப் புகழ்ந்தார். விற்கும் விலையில் 1.25 சதவீதம் கமிஷன், அதற்கு மேல் வாட் வரி. "விற்றால்தான் காசு" என்று வாயால் சொன்னார். கணவர் ஐபேடில் விரலால் கையெழுத்துப் போட்டார். நான் அடுப்படியில் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது பக்கத்தில் ஒன்றைக்கூட இரண்டு பேரும் படிக்கவில்லை.

ஆறு வாரத்தில் 5,60,000 பவுண்டுக்கு ஆஃபர் வந்தது. சரி என்றோம். அடுத்த மாதமே கணவரின் கம்பெனி, வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும் என்றது. மகளும் பள்ளியை விட்டு வரமாட்டேன் என்று அழுதாள். விற்க வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இங்கிலாந்தில் காண்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச், அதாவது இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்வது, ஆகும்வரை யாரும் விலகிக்கொள்ளலாம். அதனால் சொலிசிட்டர் (வக்கீல்) செலவோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். சென்னையில் அப்பா மடிப்பாக்கம் வீட்டை விற்கப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றபோது புரோக்கர் கொஞ்சம் முனகினார். பெட்ரோலுக்கு என்று ஐந்நூறு ரூபாய் கொடுத்ததும் அடுத்த பார்ட்டியைத் தேடிப் போய்விட்டார். எனக்கு அந்த நினைப்பு.

நான்காம் நாள் மெயிலில் பில் வந்தது. கமிஷன் 7,000, வாட் 1,400, ஆக 8,400 பவுண்டு. விற்காத வீட்டுக்கு!

அப்போதுதான் ஒப்பந்தத்தைத் திறந்து படித்தோம். நான்காம் பக்கத்தில் 'ரெடி, வில்லிங் அண்ட் ஏபிள் பர்ச்சேஸர்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதாவது, வாங்கத் தயாராகவும் விருப்பத்தோடும் வசதியோடும் இருக்கும் ஒருவரை அவர்கள் கொண்டுவந்து விட்டால் போதும். பிறகு எந்தக் காரணத்துக்காக நாம் பின்வாங்கினாலும் ஃபீஸ் உண்டு. ஏமாற்று வேலை என்று கத்தினேன். இல்லை, இந்த வாசகம் 1991-ஆம் வருட எஸ்டேட் ஏஜென்ட் விதிமுறைகளிலேயே இருக்கிறது. அந்தச் சொற்களைப் பயன்படுத்தினால் அதற்கான விளக்கத்தையும் எழுத்தில் தர வேண்டும். அவர்களும் தந்திருந்தார்கள். படிக்காதது நாங்கள்.

எங்கள் சொலிசிட்டர் அம்மா அந்த விளக்கத்தைத்தான் எங்களுக்குச் சாதகமாகத் திருப்பினார். அதன்படி, வாங்குபவர் நிபந்தனை எதுவும் இல்லாமல் காண்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் செய்யத் தயாராகவும் அதற்கு இயன்றவராகவும் இருக்க வேண்டும். எங்களிடம் ஆஃபர் போட்டவருக்கு மார்கேஜ் (வீட்டுக் கடன்) இன்னும் கைக்கு வரவில்லை. வெம்ப்ளியில் அவருடைய ஃப்ளாட்டும் விற்று முடியவில்லை. அப்புறம் எப்படி அவர் தயார்? நாங்கள் விலகிய தேதியில் அவர் எக்ஸ்சேஞ்ச் செய்திருக்க முடியும் என்பதற்கு ஆதாரம் அனுப்புங்கள் என்று மூன்றே வரியில் மெயில் போட்டோம்.

பத்து நாள் சத்தமே இல்லை. பிறகு, 'நல்லெண்ண அடிப்படையில்' கமிஷனை விட்டுவிடுவதாகவும், விலகல் கட்டணம் 350 பவுண்டும் வாட்டும் மட்டும் கட்டினால் போதும் என்றும் பதில் வந்தது. அதுவும் ஒப்பந்தத்தில் இருந்ததுதான். 420 கட்டினோம். போட்டோ எடுக்க வந்த பையன் உண்மையிலேயே நன்றாக எடுத்திருந்தான்.

இல்ஃபர்டிலிருந்து

அக்கா, உங்கட கதையை வாசிக்க எனக்கு வேர்த்தே போச்சு. அப்பா தவறின பிறகு வீட்டை வித்துப் பங்கு பிரிப்பம் என்று அண்ணையும் நானும் கதைச்சு முடிச்சுத்தான் ஏஜென்டைக் கூப்பிட்டனாங்கள். வீட்டு மேசையிலேயே கையெழுத்து வைச்சம். ஒரு கிழமை போக, அம்மா அந்த வீட்டை விட்டு வரமாட்டன் என்று இருந்திட்டா.

வீட்டுக்கு வந்து எழுதுவிக்கிற ஒப்பந்தத்துக்கு 14 நாள் அவகாசம் இருக்கு. 2013-ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிமுறை அது. நான் ஒன்பதாம் நாள் மெயில் போட்டு இரத்துச் செய்தன். ஆனா 'உடனே வேலையைத் தொடங்குங்கோ' என்ற கட்டத்தில நானே சரி போட்டிருந்தன். அதால அதுவரை செய்த வேலைக்குரிய காசு குடுக்க வேண்டி வந்தது. வீட்டுப் படங்களுக்கும், இபிசி என்ற வீட்டு எரிசக்திச் சான்றிதழுக்குமாக 210 பவுண்ஸ். இபிசி பத்து வருசத்துக்குச் செல்லும், அந்தளவுக்கு நட்டமில்லை. அம்மா இப்பவும் அங்கதான் இருக்கிறா.

லெஸ்டரிலிருந்து

நான் பிடித்தது ஆன்லைன் ஏஜென்ட். 999 பவுண்டு, விற்றாலும் விற்காவிட்டாலும். மூன்று மாதம் கழித்து வேண்டாம் என்றேன். கட்டிய காசு கட்டியதுதான். முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள், சண்டை போடவும் வழியில்லை.

குரோய்டனிலிருந்து

எல்லோரும் ஏஜென்டைத் திட்டுகிறீர்கள். நான் மூன்று வருடம் அந்த வேலை பார்த்தவன். அடிப்படைச் சம்பளம் சொற்பம். சனிக்கிழமை மழையில் குடையோடு எட்டு வீடு காட்டிவிட்டு வந்தால், திங்கட்கிழமை "மனம் மாறிவிட்டது" என்று ஒரு வரி மெயில் இருக்கும். அந்த மாதம் கையில் ஒன்றும் நிற்காது.

உங்களில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. விலகியதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒருவர் எங்களிடமிருந்து வீட்டை எடுத்துவிட்டார். நான்கு மாதம் கழித்து, எங்கள் மூலமாக வந்து பார்த்துப்போன ஆளுக்கே நேரடியாக விற்றார். நாங்கள் அறிமுகப்படுத்தியவருக்கு ஆறு மாதத்துக்குள் விற்றால் முழு ஃபீஸ் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த பில்லை டைப் செய்தவன் நானே. ஆகவே விலகும்போது யார் யார் வந்து பார்த்தார்கள் என்று ஒரு பட்டியலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

கையெழுத்துக்கு முன்னால் இன்னொன்றும் பாருங்கள். 'சோல் ஏஜென்சி' என்றால் நீங்களே ஆள் பிடித்து விற்கும்போது ஃபீஸ் கிடையாது. 'சோல் செல்லிங் ரைட்ஸ்' என்றால் ஒப்பந்தக் காலத்தில் சொந்த மச்சானுக்கு விற்றாலும் உண்டு. ஹாரோ அக்கா சொன்ன வாசகத்தை நீக்கச் சொல்லிக் கேட்டால் பல மேனேஜர்கள் நீக்கித் தருவார்கள். எங்களிடம் கேட்டவர்கள்தான் குறைவு.

இல்ஃபர்டிலிருந்து

தம்பி, ஏஜென்ட் இறங்கி வராட்டி எங்க போறது?

குரோய்டனிலிருந்து

முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள் அண்ணே. எட்டு வாரத்தில் தீராவிட்டால் அவர்கள் சேர்ந்திருக்கும் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். வீடு விற்றுத்தரும் ஏஜென்ட் எவரும் அப்படி ஒன்றில் கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும். நமக்குச் செலவு இல்லை. போனில் பேசியது எதுவும் அங்கே எடுபடாது, மெயில்தான் பேசும்.

ஹாரோவிலிருந்து

குரோய்டன் தம்பி, உங்கள் சனிக்கிழமைகளுக்காக ஒரு சாரி. ஆனால் ஒரு கேள்வி. 420-ஐக் கட்டி ஏழு மாதம் ஆகிறது, 'ஃபார் சேல்' பலகை இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. மூன்று தடவை போன் செய்துவிட்டேன், சரி சரி, மெயில்தான் போட்டிருக்க வேண்டும். போன வாரக் காற்றில் பக்கத்து வீட்டு வேலியில் சாய்ந்துவிட்டது. இதை எடுக்க ஆள் வருமா, அதற்கும் தனி ஃபீஸா?

குரோய்டனிலிருந்து

பிடுங்கி கராஜில் போடுங்கள் அக்கா. யாரும் வரமாட்டார்கள்.