'சாயிலிங்' என்பதற்கு 'அழுக்கேற்றம்': ஒரு முன்மொழிவு

வணக்கம்.

சூரிய மின்தகட்டின் கண்ணாடி மீது அழுக்குச் சேர்ந்து ஒளியை மறைப்பதை ஆங்கிலத்தில் 'சாயிலிங்' என்கிறார்கள். அதற்கு இதுவரை சொல்லப்பட்டவற்றுள் 'தூசுப்படிவு', 'மாசுபடிதல்' ஆகிய இரண்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. அவற்றுக்கு மாற்றாக 'அழுக்கேற்றம்' என்பதை முன்வைக்கிறேன்.

முதலில் தூசு. கண்ணாடியில் சேர்வது தூசு மட்டுமன்று. பறவை எச்சம், மகரந்தம், புகைக்கரி, கடலோரத்தில் உப்பு, சிமெண்டு ஆலைகளுக்கு அருகில் அதன் பொடி என எல்லாம் சேர்கின்றன. காந்திநகரில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தகடுகளில் படிந்ததை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், எடையளவில் 92 சதவீதம் மண்தூசியாகவும், எஞ்சியது மனிதச் செயல்களால் வந்த கரியும் அயனிச் சேர்மங்களுமாகவும் இருந்தன. எடையில் சிறிதான அந்த எஞ்சிய பங்கே, துகள்கள் மிக நுண்ணியவை என்பதால், ஒரு கிராமுக்கு எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்று பார்த்தால் மண்தூசியை விஞ்சிவிடுகிறது. 'தூசுப்படிவு' என்று பெயரிட்டால் இந்தப் பங்கு பெயரிலேயே விடுபட்டுப்போகும்.

'மாசுபடிதல்' பொருளளவில் சரிதான். ஆனால் 'மாசுபடுதல்' என்பது சுற்றுச்சூழல் சார்ந்த சொல்லாக ஊன்றிவிட்ட பின், அதிலிருந்து ஓர் எழுத்தே வேறுபடும் சொல்லை அச்சுக்கோப்பவரும் மெய்ப்புத் திருத்துபவரும் விட்டுவைக்க மாட்டார்கள். அடுத்த பதிப்பில் அது 'மாசுபடுதல்' ஆகிவிடும்.

வேட்டியில் அழுக்கு ஏறிவிட்டது என்றுதான் நாம் சொல்கிறோம். தகடுகளைக் கழுவுவோரும் 'பேனல்ல தூசி ஏறிடுச்சு' என்பதுண்டு. 'ஏறுதல்' என்ற வினையில் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூடும் தன்மை இருக்கிறது; மழையோ கழுவலோ வந்தால் 'இறங்கும்' என்று சொல்லவும் வாய்ப்பிருக்கிறது. விலையேற்றம், மின்னேற்றம் என்ற அமைப்புகள் பழகியவையே என்பதால் 'அழுக்கேற்ற வீதம்', 'அழுக்கேற்ற இழப்பு' எனக் கூட்டுச்சொற்களும் தடையின்றிப் பிறக்கின்றன. 'அழுக்கு' என்பது அறிவியல் நூலுக்கு ஒவ்வாத கொச்சை என்று சிலர் கருதலாம். ஆங்கிலேயர் தம் வீட்டுச் சொல்லையே எடுத்துக்கொண்டபோது நாம் மட்டும் ஏன் கூச வேண்டும்?

அடுத்தது சிக்கலானது. அழுக்கேறிய தகடு தரும் திறனை, அதே சூழலில் தூய தகடு தரக்கூடிய திறனால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை ஆங்கிலத்தில் 'சாயிலிங் ரேஷியோ' என்கிறார்கள். தூய தகட்டுக்கு அது 1. அழுக்குக் கூடக்கூட 0.95, 0.90 என்று குறைகிறது. இதை 'அழுக்கேற்ற விகிதம்' என மொழிபெயர்த்தால், எண் கூடும்போது அழுக்குக் கூடுவதாகவே படிப்பவர் எண்ணுவார். மூலத்திலேயே இருக்கும் இந்தக் குழப்பத்தை நாம் சுமக்கத் தேவையில்லை. பாத்திரம் துலக்குகிறோம், துலக்கியது ஒளிர்கிறது, ஆகவே 'துலக்க விகிதம்' என்று வைத்தால் எண்ணும் பெயரும் ஒரே திசையில் நடக்கும்.

இதை, கண்ணாடியில் பட்ட ஒளியில் எவ்வளவு பங்கு ஊடுருவிச் செல்கிறது என்று சொல்லும் 'ஒளிபுகு விகிதத்தோடு' ஒன்றாக்கிவிடவும் கூடாது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் காற்றில் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புவதால், அழுக்கே இல்லாத கண்ணாடியின் ஒளிபுகு விகிதமும் 1 ஆகாது. துலக்க விகிதமோ அப்போது 1. மேலும், துகளில் பட்ட ஒளி முழுவதும் தொலைந்துபோவதில்லை: ஒரு பகுதி உட்கவரப்படுகிறது, ஒரு பகுதி வானை நோக்கித் திரும்புகிறது, பெரும்பகுதி வழிவிலகி முன்னோக்கிச் சிதறிக் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கும் மின்கலத்தை அடைந்துவிடுகிறது. ஒளி ஊடுருவும் பொருள், ஒளி கசியும் பொருள் என்று பள்ளிப் பாடநூல் பிரித்த இடத்தை நினைத்தால், அழுக்கேறிய கண்ணாடி முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கி நகர்கிறது எனலாம். ஆகவே நேர்க்கதிரை மட்டும் அளப்பதற்கு 'நேர் ஒளிபுகு விகிதம்' என்றும், சிதறி வருவதையும் சேர்த்து அளப்பதற்கு 'மொத்த ஒளிபுகு விகிதம்' என்றும் இரண்டு சொற்கள் வேண்டும். ஆடியால் ஒளியைக் குவிக்கும் நிலையங்களுக்கு நேர்க்கதிர்தான் பயன்படும் என்பதால், அதே அழுக்கு அங்கே கூடுதல் இழப்பைத் தருவதன் காரணமும் இந்தப் பிரிப்பில் விளங்கிவிடும்.

மீதமிருப்பது பனி பெய்து ஈரமாகிக் காயும் தூசு, கரைந்த உப்புகளால் கண்ணாடியோடு இறுகி, மழைக்கும் அசையாமல் ஒட்டிக்கொள்ளும் நிலை. 'சிமெண்டேற்றம்' என்று ஒருவர் எழுதியிருந்தார்; அது கட்டட வேலையை நினைவூட்டுகிறது. காய்ந்த சேறும் ஆறிவரும் புண்ணும் பொருக்குத்தட்டுவதைப் போலத்தான் இதுவும் என்பதால் 'பொருக்கு' போதும் என்பது என் கருத்து. 'காரை' என்பதும் மனத்தில் வந்தது. ஆனால் அது குழாயின் உட்புறத்துக்கும் பல்லுக்கும் உரியதாகிவிட்டதே என்று விட்டுவிட்டேன். இதைவிடப் பொருந்தும் வட்டாரச் சொல் உங்கள் ஊரில் வழங்கினால் தெரிவியுங்கள்.