ஊருக்கு உழைத்த பெரியவர்களைக் கௌரவிக்க வேண்டும், பொன்னாடை தவிர என்ன செய்யலாம்?

தேரடித் தெருக்காரன் (திருவொற்றியூர்):

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மீஞ்சூருக்கு அந்தப் பக்கம், பழவேற்காடு போகும் வழியில் ஒரு சின்ன கிராமம். இருபது வருடமாகத் திருவொற்றியூரில் குடியிருந்தாலும் பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் இருந்ததில்லை. வரும் காணும் பொங்கலன்று ஊரில் மூன்று பெரியவர்களைக் கௌரவிக்கலாம் என்று பத்துப் பேர் சேர்ந்து பேசி வைத்திருக்கிறோம்.

முதலில் நர்சம்மா. கிராம சுகாதாரச் செவிலியராக வேலைக்கு வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. 1995இல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கியபோது ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பிலேயே நடந்து செங்கல் சூளை, இருளர் குடிசை என்று ஒரு குழந்தை விடாமல் தேடிப் போவார். என் தங்கை பிறந்ததே அவர் கையில்தான், அடைமழையில், கரண்ட் இல்லாத ராத்திரி, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில். அப்புறம் கிளை அஞ்சலகத்துத் தபால்காரத் தாத்தா. மணியார்டரைக் கொடுத்துவிட்டுப் போய்விட மாட்டார், படிக்கத் தெரியாத ஆயாக்களுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லச் சொல்லப் பதிலும் எழுதிக் கொடுப்பார்.

இன்னொருவர் டேங்க் ஆபரேட்டர். மீஞ்சூர்ப் பக்கத்துத் தண்ணீர்க் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சென்னைக்கும் ஆலைகளுக்கும் வருடக்கணக்கில் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே வந்து கிணறுகள் உப்பாகிவிட்டன. எந்த போர்வெல்லில் எவ்வளவு நேரம் மோட்டார் ஓடினால் உப்பு ஏறும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் நாக்கில் வைத்துப் பார்த்தே கண்டுபிடித்தது. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள், நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன், வடசென்னையில் எங்களுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. அவர் மட்டும் அதே உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

ஊரில் வழக்கம் என்றால் பொன்னாடை, ஷீல்டு, மைக்கில் நாலு வார்த்தை. அது எனக்குப் போதவில்லை. பஞ்சாயத்து மூலமாக ஏதாவது செய்ய முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பொன்னேரி வாத்தியார்:

தம்பி, நல்ல காரியம். ஒன்றே ஒன்று சொல்கிறேன், சிறப்பு விருந்தினர் என்று யாரையும் கூப்பிடாதீர்கள். சில வருடம் முன்பு நாங்கள் ஒரு சத்துணவு ஆயாவுக்கு விழா எடுத்தோம். 1982இல் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் பள்ளியில் சமைத்தவர். பத்து மணி விழாவுக்குப் பெரிய மனிதர் வந்தது ஒன்றரைக்கு. அதுவரை அந்த அம்மா காலைத் தொங்கப்போட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கால் வீங்கிவிட்டது. வந்தவர் பேரைத் தப்பாகச் சொல்லிப் பொன்னாடை போட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார். பொறுப்பு என்னுடையது, இன்றைக்கும் மனது உறுத்துகிறது.

அதனால் அவர்களிடம் பலன் பெற்றவர்களையே பேச விடுங்கள். உங்கள் தங்கை வரட்டும், தன் பிள்ளைகளையும் கூட்டி வரட்டும். விழாவுக்கு முன்னால் மூன்று பேர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த ஆபரேட்டர் சொல்லும் போர்வெல் கணக்கு வேறு எந்த நோட்டிலும் இருக்காது.

மணலி புதுநகர்:

அண்ணே, கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்று பேரும் ஊர்த்தெருவில் இருப்பவர்களா? உங்கள் ஊரில் குழி வெட்டுகிறவர் யார்? 2021இல் கரோனா இரண்டாம் அலை அடித்தபோது பெற்ற பிள்ளைகளே கிட்ட வரப் பயந்த உடல்களை யார் இறக்கி வைத்தார்கள்? எங்கள் பெரியப்பா செய்த வேலை அது. சின்ன வயதில் தொடங்கியவர், ஊரில் அவர் கை படாமல் போன சாவு கிடையாது. கூலியும் ஒரு குவார்ட்டரும் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டார்களே தவிர, மேடை ஏற்றிப் பெயர் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. சேர்ப்பதென்றால் கடைசியில் ஒட்டாமல் மற்றவர்களோடு ஒரே வரிசையில் உட்கார வையுங்கள்.

தண்டையார்பேட்டை இ-சேவை:

நான் தினமும் பார்க்கிற விஷயம் இது. கிளை அஞ்சலகத்தில் கிராமிய ஊழியராக 65 வயது வரை ஓடியவர்களுக்கு மற்ற அரசு ஊழியர்களைப் போல மாத ஓய்வூதியம் கிடையாது. தாத்தாவுக்கு ஷீல்டு வாங்கும் முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, முதியோர் உதவித்தொகைக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். 2023இல் அதை 1,200 ரூபாய் ஆக்கினார்கள். ஆதாரில் பிறந்த தேதி தப்பு, கைரேகை விழவில்லை என்று அலைக்கழிந்தே விட்டுவிட்டவர்கள் நிறைய. ஒருவர் கூட நின்றால் முடிகிற வேலை.

பஞ்சாயத்து பற்றிக் கேட்டீர்கள். கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை நடக்க வேண்டும், அதில் ஒன்று ஜனவரி 26, காணும் பொங்கல் முடிந்து பத்து நாளில். அங்கே நன்றித் தீர்மானம் போட்டால் பெயரும் செய்த வேலையும் தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிடும். ஆனால் உங்கள் ஓட்டு திருவொற்றியூரில் இருந்தால் நீங்கள் அங்கே உறுப்பினர் இல்லை, ஊரில் ஓட்டு உள்ளவர்கள்தான் எழுந்து கேட்க வேண்டும்.

தேரடித் தெருக்காரன்:

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டு வந்தேன். மணலி தம்பி கேட்டது சரி, எங்கள் பட்டியலில் அப்படி ஒருவர் இல்லை, அது எனக்குத் தோன்றாமலே போயிருக்கிறது. இப்போது நான்கு பேர். நர்சம்மா தான் பிரசவம் பார்த்த பிள்ளைகளை ஒருமுறை ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்றார், பழைய டைரியைக்கூட எடுத்துக் கொடுத்தார், அதை வைத்துத்தான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். தாத்தாவிடம் காப்பீட்டு அட்டையே இல்லை, சனிக்கிழமை கூட்டிப் போகிறேன். ஆபரேட்டர் தன் கணக்கையெல்லாம் இப்போது வேலை பார்க்கும் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்.

குழி வெட்டும் பெரியவர் வெகு நேரம் வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது, சுடுகாட்டுப் பாதையில் ஒரு லைட்டு போட்டால் தேவலாம், ராத்திரியில் பாம்பு மிதிக்க வேண்டியிருக்கிறது என்றார். ஜனவரி 26க்கு நன்றித் தீர்மானத்தோடு அதையும் சேர்த்து ஊர்க்காரர்கள் கொடுக்கப் போகிறார்கள். தண்டையார்பேட்டை, அந்த மனுவை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு மாதிரி போட முடியுமா?