லாகின் ஆகிறது, ஆனால் செஷன் நிற்கவில்லை: குக்கீயைக் கையால் ஒட்டுவதா, ஜாரிடம் விடுவதா?

தறிநாடா:
பைத்தானில் சின்ன நிரல் ஒன்று எழுதுகிறேன். ஒரு தளத்தில் உள்நுழைந்து தினமும் ஒரு அறிக்கையை இறக்க வேண்டும். அவர்களிடம் அனுமதி வாங்கியாச்சு, ஆனால் ஏபிஐ (நிரல்கள் நேரடியாகத் தரவு கேட்கும் வழி) கிடையாது. ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தை வைத்து லாகின் படிவத்தை போஸ்ட் செய்தால் 200 ('சரி' என்ற பதில் எண்) வருகிறது, முகப்புப் பக்கமும் வருகிறது. அடுத்து அறிக்கைப் பக்கத்தைக் கேட்டால் திரும்ப லாகின் பக்கம். முதல் பதிலின் ஹெட்டர்களில் (பக்கத்துக்கு முன்னால் வரும் தகவல் வரிகள்) செட்-குக்கீயை, அதாவது என்னை அடையாளம் காண சர்வர் தரும் சிறு குறிப்பான குக்கீ வரும் வரியைத் தேடினேன், இல்லவே இல்லை. பிரவுசரில் மட்டும் செஷன் குக்கீ கண்ணுக்குத் தெரிகிறது. எங்கே போகிறது?

ஒற்றைவரி:
302ல, அதாவது 'வேற பக்கத்துக்குப் போ'ன்னு சொல்ற ரீடைரக்ட் பதில்ல போகுது. லாகின் சரியானதும் சர்வர் ரீடைரக்ட் குடுக்கும், குக்கீ அந்த 302கூடத்தான் வரும். ரிக்வெஸ்ட்ஸ் உங்களைக் கேட்காமலே அடுத்த பக்கத்துக்குப் போயிடும், உங்க கைக்கு வர்றது கடைசிப் பதில். ரீடைரக்ட்டை அணைச்சுட்டு, 302ல இருந்து குக்கீ மதிப்பை வெட்டி எடுத்து, அடுத்த கோரிக்கையில குக்கீ ஹெட்டரா வச்சு அனுப்புங்க. நாலு வரி.

மூலைக்கல்:
காரணம் சரி, வைத்தியம்தான் தப்பு. தறிநாடா, ஒரு செஷன் ஆப்ஜெக்ட் உருவாக்கி போஸ்ட் (படிவம் அனுப்புவது), கெட் (பக்கம் கேட்பது) இரண்டையும் அதன் வழியாகவே செய்யுங்கள். வழியில் எத்தனை 302 வந்தாலும் அதிலுள்ள குக்கீ அதன் ஜாருக்குள் (குக்கீகளைத் தானே சேமித்து, உரிய தளத்துக்குத் திருப்பி அனுப்பும் பெட்டி) விழுந்துவிடும். கையால் ஒட்டிய ஹெட்டருக்கு இன்னொரு பிரச்சினை இருக்கிறது: ரிக்வெஸ்ட்ஸ் ஒரு ரீடைரக்ட்டைப் பின்தொடரும்போது பழைய குக்கீ ஹெட்டரைக் கழற்றிவிட்டு, ஜாரில் இருப்பதை வைத்துப் புதிதாகக் கட்டும். ஜார் காலி என்றால் அடுத்த பக்கத்துக்கு வெறுங்கையோடுதான் போவீர்கள்.

ஒற்றைவரி:
அதான் ரீடைரக்ட்டை அணைக்கச் சொன்னேன். ஜார்ங்கிறது மூடின பெட்டி. ஒருதடவை லோக்கல்ஹோஸ்ட்ல சர்வர் ஓட்டிட்டு இருந்தேன், மறைகுறியாக்கம் இல்லாத வெறும் எச்டிடிபி. குக்கீயில செக்யூர்னு போட்டிருந்தது. ஜார் அதை வாங்கி வச்சுக்கிச்சு, ஆனா திருப்பி அனுப்பவே இல்லை. பிழைச் செய்தியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டும் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு விலக்கு தர்றதால அங்க மட்டும் நல்லா ஓடுது. ஒரு மதியம் முழுக்கப் போச்சு. கையால ஒட்டியிருந்தா இந்தத் தொல்லையே இல்லை.

மூலைக்கல்:
ஜார் அங்கே விதிப்படி நடந்திருக்கிறது. செக்யூர் என்றால் எச்டிடிபிஎஸ் இல்லாத இடத்துக்கு அனுப்பக்கூடாது. அந்த நாலு வரி எங்கே உடையும் என்று சொல்கிறேன். ஒரு பதிலில் இரண்டு செட்-குக்கீ வந்தால் ரிக்வெஸ்ட்ஸின் ஹெட்டர் அகராதி (பெயரும் மதிப்பும் கொண்ட பட்டியல்) அவற்றைக் காற்புள்ளி போட்டு ஒரே சரமாக ஒட்டித் தரும். நீங்கள் காற்புள்ளியில் பிரிப்பீர்கள். ஆனால் எக்ஸ்பயர்ஸ் (காலாவதி) தேதியே 'வியாழன், 01' என்கிற மாதிரி கிழமைக்குப் பிறகு காற்புள்ளியோடுதான் வரும். பாதித் தேதி ஒரு குக்கீயாகிவிடும். செட்-குக்கீ ஹெட்டர்களை இப்படி ஒன்றாகச் சேர்க்கக்கூடாது என்று 2011இல் வந்த ஆர்எஃப்சி 6265 என்ற குக்கீ விதி ஆவணம் சொல்வதே இந்தக் காற்புள்ளியால்தான்.

இன்னொன்று, நானே அடிபட்டது. பிஎச்பி என்ற சர்வர் மொழியில் ஒரு குக்கீயை அழிக்கச் சொன்னால், அதன் மதிப்பை 'டெலீட்டட்' என்று மாற்றி, 1970 ஜனவரி 1 தேதியும் மேக்ஸ்-ஏஜ் (நொடிகளில் ஆயுள்) 0வும் போட்டு அனுப்பும். ஜார் தேதியைப் பார்த்துக் குக்கீயைத் தூக்கிப் போடும். நான் எழுதிய அகராதிக்குத் தேதி தெரியாது, பெயரும் மதிப்பும்தான் தெரியும். அதனால் லாக்அவுட்டுக்குப் பிறகு என் நிரல் 'டெலீட்டட்' என்ற சொல்லையே செஷன் எண்ணாக நினைத்து விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. நிரலின் பதிவுக் கோப்பில் அதைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒற்றைவரி:
சரி, அது நல்ல கதை. ஆனா இவருக்கு லாக்அவுட்டே வேண்டாமே. ஒரு குக்கீ, ஒரு பக்கம்.

மூலைக்கல்:
ஒரு குக்கீ என்று எப்படித் தெரியும்? லாகின் பக்கத்தைத் திறக்கும்போதே ஒரு செஷன் எண் வரும், உள்ளே போனதும் பாதுகாப்புக்காக அது மாறும். கூடவே சிஎஸ்ஆர்எஃப் குக்கீ (வேறு தளம் உங்கள் பெயரில் போலிக் கோரிக்கை அனுப்புவதைத் தடுப்பது) ஒன்று வரலாம். ஒரே பெயரில் வேறு வேறு பாத்துக்கு (தள முகவரிக்குப் பின்வரும் பாதைக்கு) இரண்டு குக்கீ இருந்தால் இரண்டையும் அனுப்ப வேண்டும், நீளமான பாத் முதலில். பெயரைச் சாவியாக வைத்த அகராதியில் ஒன்று மற்றதை விழுங்கிவிடும்.

இரவுக்காவல்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஜாரை இவ்வளவு புகழாதீர்கள். நான் பார்த்தது மைக்ரோசாஃப்டின் டாட்நெட். எங்கள் சர்வர் பயனர்கள் சார்பாக இன்னொரு சர்வரைக் கூப்பிடும். கோரிக்கை அனுப்பும் எச்டிடிபிகிளையண்ட்டை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கினால் சாக்கெட் (பிணைய இணைப்பு முனை) தீர்ந்துபோகும் என்பதால் ஒன்றையே எல்லாருக்கும் வைத்திருந்தோம். அதன் ஹேண்ட்லரில் (உள்ளே இணைப்புகளைக் கையாளும் பகுதி) யூஸ்-குக்கீஸ், அதாவது ஜார், இயல்பாகவே ஆன். முதல் பயனரின் செஷன் குக்கீ உள்ளே உட்கார்ந்துகொண்டது. இரண்டாமவர் வந்தால் அவருக்கு முதலாமவரின் பக்கம். சோதனையில் ஒரே ஆள் என்பதால் அகப்படவில்லை. கடைசியில் அந்த அமைப்பை அணைத்துவிட்டு, ஒற்றைவரி சொல்கிற மாதிரி ஹெட்டரைக் கையால்தான் வைத்தோம்.

ஒற்றைவரி:
இதைத்தான் சொல்றேன்! என் அகராதி ஃபங்ஷனுக்குள்ள பிறந்து ஃபங்ஷனுக்குள்ளயே செத்துப்போகுது. யாரோட குக்கீயும் யாருக்கும் போகாது.

மூலைக்கல்:
இரவுக்காவல் சொன்னது உண்மையான ஆபத்து, மறுக்கவில்லை. ஆனால் அங்கே தப்பு ஜாரைப் பொதுவில் வைத்தது. ஆளுக்கொரு ஜார் வைத்தால் தீர்ந்தது.

இரவுக்காவல்:
ஆளுக்கொரு ஜார் என்றால் டாட்நெட்டில் ஆளுக்கொரு ஹேண்ட்லர், அதாவது ஆளுக்கொரு இணைப்புக் குளம் (மறுபடி பயன்படுத்தத் திறந்து வைத்த இணைப்புகள்). சாக்கெட் பிரச்சினைக்கே திரும்ப வருவோம். எழுதுவது சுலபம்.

தறிநாடா:
செஷன் ஆப்ஜெக்ட் வைத்துப் பார்த்தேன், அறிக்கை இறங்கிவிட்டது. இருவருக்கும் நன்றி. ஆனால் இன்னொரு சிக்கல். ஜாரை மொசில்லா குக்கீ ஜாராக (கோப்பில் சேமிக்கக்கூடிய ஜார்) மாற்றி, கோப்பில் சேமித்து, அடுத்த ஓட்டத்தில் ஏற்றினேன். கோப்பு இருக்கிறது, உள்ளே தலைப்பு வரிகள் மட்டும்தான்.

ஒற்றைவரி:
ஹா! பெட்டி மறுபடி மூடிக்கிச்சு.

மூலைக்கல்:
சிரிங்க, சிரிங்க. எக்ஸ்பயர்ஸும் மேக்ஸ்-ஏஜும் இல்லாமல் வரும் குக்கீதான் செஷன் குக்கீ. நிரல் முடிந்தால் அதன் ஆயுளும் முடிந்தது என்று பைத்தான் எடுத்துக்கொண்டு, சேமிக்கும்போது விட்டுவிடுகிறது. சேவ் செய்யும்போதும் லோட் செய்யும்போதும் இக்னோர்-டிஸ்கார்ட் என்பதை ட்ரூ ஆக்குங்கள். கோப்பின் அனுமதியை 600 ஆக (உங்களால் மட்டும் படிக்க, எழுத முடியும்படி) வையுங்கள். செஷன் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கோப்பு கையில் கிடைத்தவர் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே போய்விடலாம்.

இரவுக்காவல்:
தினம் ஒருமுறைதானே ஓடுகிறது? எதற்குச் சேமிக்க வேண்டும்? அடுத்த நாளைக்குள் சர்வர் பக்கம் அந்த செஷன் பெரும்பாலும் காலாவதியாகியிருக்கும்.

தறிநாடா:
நியாயம்தான். சேமிப்பதை எடுத்துவிட்டேன், ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாக லாகின். செஷன் போனால் இந்தத் தளம் 401 ('உள்நுழையவில்லை' என்ற பதில் எண்) தருவதில்லை, 200 போட்டு லாகின் படிவத்தையே அனுப்புகிறது. அதனால் பதிலில் கடவுச்சொல் பெட்டி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அறிக்கையாகச் சேமிக்காமல் நிறுத்துகிறேன். முந்தாநாள் இறக்கிய கோப்பை இப்போதுதான் திறந்தேன், அது லாகின் பக்கம்.

ஒற்றைவரி:
அந்தச் சோதனைக்கு எத்தனை வரி ஆச்சு?

தறிநாடா:
நாலு.